இடுப்பளவு தண்ணியும் கடல்தான்

யாழ்ப்பாணத்துக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் நெஞ்சைத் தாண்டாது. வேலணைச் சாட்டியும் ஏறத்தாழ அப்படித்தான். பாக்கு நீரிணையே பெரும்பாலும் 15 மீற்றருக்குள் அடங்கிவிடும் கடல். அதனால் மாஸ்க்கும் ஸ்நோர்கல் மூச்சுக்குழாயும் வாங்கிக்கொண்டு இறங்குகிற எங்கள் பெடியளுக்கு ஒரு துணிச்சல்: ஆழத்துக்குப் போனால்தானே ஆபத்து?

கணக்கு அப்படி இல்லை. மேற்பரப்பிலிருந்து 10 மீற்றர் இறங்கினால் உடம்பின் மேலுள்ள அமுக்கம் இரண்டு மடங்காகிறது. அடுத்த 10 மீற்றரில் அது ஒன்றரை மடங்குதான் ஆகும். செவிப்பறை கிழிவதும், மூச்சை அடக்கியபடி மேலே வந்து நுரையீரல் கிழிவதும், சத்தமில்லாமல் மயங்கி மூழ்குவதும், படகின் விசிறி அடிப்பதும், வலையில் கால் மாட்டுவதும் மேல் 10 மீற்றருக்குள்தான் அதிகம். எங்கள் கடலின் பெரும்பகுதியே அந்த மேல் 10 மீற்றர்தான்.

முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். வாடை வீசும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகரை முழுக்கக் கலங்கல். காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் முருகைக்கல் பாரில் (பவளப்பாறைத் திட்டில்) அலை நேரே வந்து அடிக்கும். அந்தக் கல்லின் விளிம்பு தோலைச் சீவிவிடும். அந்த மாதங்களில் அங்கே இறங்குவதில் அர்த்தமே இல்லை. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் கடல் அடங்கிக் கிடக்கிற நல்ல பருவம். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குக் காற்றான சோளகம் எழும். நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கம் கடல் எறியத் தொடங்கும்.

சோளகக் காலத்தில் வடமராட்சி வடகரை வேறு விதமாக ஏமாற்றும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலையே இராது, குளம் மாதிரிக் கிடக்கும். ஆனால் மிதக்கிற எதையும் அந்தக் காற்று வெளியே தள்ளிக்கொண்டே போகும். காற்றடித்த டியூப்பில் குப்புறக் கிடந்து அடியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தலையை நிமிர்த்தும்போது கரை வெகுதூரம் போயிருக்கும், திரும்பி நீந்துவதும் காற்றுக்கு எதிராகத்தான். கரையிலிருந்து காற்று வீசும் நாளில் டியூப், காற்று மெத்தை எதுவும் வேண்டாம். மற்ற நாட்களிலும் போகும்போது நீரோட்டத்துக்கு எதிராக நீந்திப் போய், களைத்தபின் அதனோடு திரும்புவதே ஒழுங்கு. இறங்குமுன் ஒரு பொச்சுமட்டையைத் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் பாருங்கள், அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது போதும். குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் இருப்பதைப் போன்ற, தீவுகளுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய வாய்க்கால்களில் வற்றுப்பெருக்கு மாறும்போது ஓட்டம் இழுக்கும். அங்கே பயணிகள் படகுகளும் ஓடுகின்றன. அந்த இடங்களை விட்டுவிடுங்கள்.

மணற்காடு, வடமராட்சி கிழக்குக் கதை தனி. அது வங்காள விரிகுடாவைப் பார்த்த திறந்த கரை. உடைகிற அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் உடையாமல், சற்றே நிறம் மாறி அமைதியாகத் தெரிந்தால் அது பாதுகாப்பான வழியல்ல, தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வாய்க்கால். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி முட்டி மோதாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

தெளிவுக்கு ஒரு எளிய அளவு: நெஞ்சளவு தண்ணீரில் நின்று குனிந்தால் உங்கள் கால்விரல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்குப் பார்க்கவும் ஒன்றுமில்லை, உங்களோடு வந்தவரை நீங்கள் கண்காணிக்கவும் முடியாது. காலை வெயில் ஏறுமுன் இறங்கி, முற்பகலில் காற்று எழும்ப முன்னர் கரைக்கு வந்துவிடுவது நல்லது.

இனி, வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத எங்கள் ஊர் ஆபத்துகள். முதலாவது வலை. தங்கூசி வலை (ஒற்றையிழை நைலோன் வலை) தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. தடை இருந்தாலும் பாரில் சிக்கி அறுந்த துண்டுகள் ஆண்டுக்கணக்காக அங்கேயே கிடந்து மீனைக் கொன்றுகொண்டிருக்கும். முதலில் மாட்டுவது காலில் போடும் நீச்சல் துடுப்பான ஃபின்னின் பட்டிக்கொழுக்கி, அல்லது சிலிண்டரின் வால்வு. மாட்டியதும் திரும்பிச் சுழன்றால் இன்னும் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளும். அசையாமல் நின்று, வந்த வழியே பின்னுக்கு நகர்ந்து, கையால் தடவி, இழையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து வெட்ட வேண்டும். கூர்நுனிக் கத்தியை விட, தாதிமார் பாவிக்கிற மொட்டைநுனிக் கத்தரிக்கோல் இதற்கு எவ்வளவோ மேல், ஒற்றைக் கையால் வெட்டலாம், உங்களையே குத்திக்கொள்ளவும் மாட்டீர்கள். வலப்பக்கமோ இடப்பக்கமோ, இரண்டு கையும் எட்டும் இடத்தில், நெஞ்சில் கட்டுங்கள். படத்தில் வருவதுபோலக் கெண்டைக்காலில் கட்டினால் கால் மாட்டிய நேரத்தில் கத்தியும் சேர்ந்தே மாட்டியிருக்கும்.

பரவைக்கடலில் களங்கண்டி என்ற மீன்பொறியின் தடிகளும் கடலட்டைப் பண்ணை வலைகளும் இருக்கின்றன. அவை மற்றவர்களுடைய பிழைப்பு. ஆபத்தை விடுங்கள், அங்கே நீந்துவது மரியாதையுமில்லை.

இரண்டாவது படகு. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகு வேகமெடுக்கும்போது முன்பக்கம் தூக்கும், பின்னால் இருந்து ஓட்டுபவருக்கு முன்னாலுள்ள தண்ணீர் தெரியாது. கறுப்பு உடுப்போடு குப்புறக் கிடக்கும் தலையை அவர் காணவே மாட்டார். செம்மஞ்சள் நிற மிதவை ஒன்றை ஐந்தாறு மீற்றர் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு நீந்துங்கள். சிவப்பில் வெள்ளைக் குறுக்குப் பட்டை போட்ட சுழியோடிக் கொடி உலகம் முழுக்கத் தெரிந்த அடையாளம், ஆனால் எங்கள் கடலில் கம்பில் கட்டிய கொடி என்றால் வலை என்றுதான் பார்ப்பார்கள். கொடியை மட்டும் நம்பாமல் முதல்நாள் பின்னேரமே அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் போய், எந்த இடம், எத்தனை பேர், எத்தனை மணி என்று சொல்லிவிடுங்கள். படகு எந்த வழியால் போகும், வலை எங்கே படுத்திருக்கிறது என்பதை அங்கேயே அறியலாம். தண்ணீருக்குள் இருக்கும்போது எஞ்சின் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது. சத்தம் கேட்டால் ஒரு கையை மேலே நீட்டி, சுற்றிப் பார்த்தபடி எழ வேண்டும்.

மூன்றாவது, அடியில் கிடக்கும் இரும்பு. போர் நடந்த கரை இது. துருப்பிடித்த உருளையோ கூம்போ எதுவானாலும் தொடாதீர்கள், கரைக்கு எடுத்து வராதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசுக்கோ கடற்படைக்கோ சொல்லுங்கள்.

மாஸ்க் வாங்கும்போது பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் இலேசாக இழுத்து, கையை விட வேண்டும். ஐந்து வினாடி விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்குரியது. விழுந்தால் எவ்வளவு விலையானாலும் வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் கசிகிறதென்று பட்டியை இறுக்குவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. இறுக்கினால் சிலிக்கன் விளிம்பு மடிந்து இன்னும் கசியும். மீசைக்காரருக்கு மூக்கின் கீழே ஒரு கோட்டளவு மழித்தால் போதும். புதுக் கண்ணாடியின் உட்புறத்தில் தொழிற்சாலைப் படலம் இருக்கும், வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் எச்சில் பூசி அலசினால் புகையாது. குளத்தில் நீந்தப் பாவிக்கிற சிறு கண்ணாடியோடு சுழியோடக் கூடாது. மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்றை ஊத முடியாது, அமுக்கம் கூடும்போது அது கண்ணை வெளியே உறிஞ்சும். கண்வெள்ளை இரத்தமாகச் சிவந்து வருவது இதனால்தான்.

ஸ்நோர்கல் குழாய் 40 சென்ரிமீற்றருக்கு மேல் நீளக் கூடாது. நீளக் குழாய் என்றால் ஆழத்திலிருந்து மூச்சு விடலாம் என்று பி.வி.சி. குழாயை வெட்டி ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மீற்றர் ஆழத்தில் நெஞ்சின் மேல் விழும் அமுக்கத்தை எதிர்த்து மூச்சை இழுக்க நெஞ்சுத் தசைகளால் முடியாது. குழாய்க்குள் தங்கும் பழைய மூச்சும் ஒரு சிக்கல். 2 சென்ரிமீற்றர் விட்டமும் 40 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள குழாய்க்குள் ஏறத்தாழ 125 மில்லிலீற்றர் நிற்கும். சாதாரண மூச்சு 500 மில்லிலீற்றர். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கால்வாசி, வெளியே விட்ட காற்றே திரும்பி வருகிறது. மெதுவாக, ஆழமாக மூச்சு விட்டால் சமாளிக்கலாம். பதறிக் குட்டை மூச்சு விட்டால் காபனீரொட்சைட்டு ஏறி, தலை கனத்து, பதற்றம் இன்னும் கூடும். முழுமுகத்தையும் மூடும் மாஸ்க்குகளில், உள்ளே வால்வு சரியாக மூடாவிட்டால் இதே நிலைமை மோசமாகும். அவசரத்தில் வாயிலிருந்து துப்பிவிடவும் முடியாது. எங்களுக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

நெடுந்தீவுப் படகில் கொடுக்கிற தடித்த உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு ஸ்நோர்கலிங் செய்ய முயன்றால் அது உங்களை மல்லாக்கத் திருப்பும், அதன் வேலையே அதுதான். முகத்தைத் தண்ணீரில் வைத்திருக்கக் கழுத்தை முறித்துக்கொண்டு போராட வேண்டிவரும். வாயால் ஊதும் மெல்லிய ஸ்நோர்கல் அங்கிதான் இதற்கு. சாரத்தோடும் துப்பட்டாவோடும் இறங்க வேண்டாம், காலில் சுற்றும். இறுக்கமான நீள்கை மேற்சட்டை முதுகை வெயிலிலிருந்து காக்கும். கள்ளோ பியரோ எல்லாம் கரைக்கு வந்த பிறகு.

அடுத்தது மூச்சடக்கல். கீரிமலைக் கேணியிலிருந்து கடல்வரை பெடியள் போட்டி போடுகிற விளையாட்டு இது. இறங்குமுன் பத்துப் பதினைந்து தரம் வேகமாக மூச்சு இழுத்து விட்டால் கூட நேரம் உள்ளே இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதனால் ஒட்சிசன் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் குறைகிறது. மூச்சு முட்டுகிறது, மேலே போ என்று மூளைக்குச் சொல்வது காபனீரொட்சைட்டு. அந்த மணி அடிக்கும் முன்னரே ஒட்சிசன் தீர்ந்து நினைவு போய்விடும், பெரும்பாலும் மேலே வருகிற கடைசி மீற்றர்களில். போராட்டமில்லை, கை அடிப்பதில்லை, பக்கத்தில் நிற்பவருக்கு அவர் அடியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும். நெஞ்சளவு தண்ணீரிலும் இது நடக்கும். மூன்று நிதானமான மூச்சுக்கு மேல் வேண்டாம். ஒருவர் இறங்கினால் மற்றவர் மேலே நின்று அவரையே பார்க்க வேண்டும், அவர் எழுந்த பிறகும் அரை நிமிடம் பார்க்க வேண்டும். இருவரும் ஒன்றாக இறங்குவது துணையே இல்லை.

உயிரினங்களைப் பற்றிய பயம் அளவுக்கு மீறியது. திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், மிதித்தால் மட்டும் வாலால் அடிக்கும். ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் விலகி ஓடிவிடும். திருக்கை அடித்தாலும், கல்மீன் முள் ஏறினாலும், கடல் முள்ளெலியின் கறுப்பு முள் குத்தினாலும் முதல் மருந்து சூடுதண்ணீர். பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகைக்கு மேற்படாமல், 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைக்க வலி இறங்கும். குத்தாத காலால் சூட்டைப் பார்த்துவிட்டு வையுங்கள், வலியுள்ள காலுக்குச் சூடு தெரியாமல் அவிந்துவிடும். நெஞ்சிலோ வயிற்றிலோ திருக்கை முள் ஏறியிருந்தால் பிடுங்கக் கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்கு. சொறி என்கிற ஜெலிமீன் பட்டால் கடல்தண்ணீரால் கழுவி, ஒட்டிய இழைகளைச் சிறு இடுக்கியால் எடுக்க வேண்டும். நல்லதண்ணீர் ஊற்றினால், மணலால் தேய்த்தால் மிச்ச நச்சுப்பைகளும் வெடிக்கும். கடற்பாம்பு தானாக வந்து கடிப்பது அரிது, வலையிலிருந்து கையால் எடுப்பவர்களுக்கே கடி விழுகிறது. எங்கள் ஆஸ்பத்திரிகளில் தரைப்பாம்புக்குப் போடுகிற விஷமுறி மருந்து அதற்கு வேலை செய்யாது. கடிவாயில் வலி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

சிலிண்டரோடு இறங்குவது இன்னொரு உலகம். உள்ளே இருப்பது ஒட்சிசன் இல்லை, வடிகட்டி அமுக்கிய சாதாரண காற்று: 21 வீதம் ஒட்சிசன், மீதி பெரும்பாலும் நைதரசன். கொம்பிரசரின் காற்று உறிஞ்சும் வாய் அதே இயந்திரத்தின் புகைக்குழாய்ப் பக்கம் இருந்தால் காபன் மொனொக்சைட்டும் சேர்ந்து உள்ளே போகும். அதற்கு மணமே கிடையாது. ஆனால் புகை மணமோ எண்ணெய் மணமோ வந்தால் அந்தச் சிலிண்டரைத் தொடவே வேண்டாம். கழுத்தருகே பொறித்திருக்கும் நீரமுக்கச் சோதனைத் திகதி ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும்.

இறங்குமுன் கேஜை (சிலிண்டரின் அமுக்கமானியை)ப் பார்த்துக்கொண்டே மூச்சு எடுக்கும் கருவியான ரெகுலேட்டரில் நான்கைந்து மூச்சு எடுங்கள். ஊசி ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை. மேலே மூச்சு வரும், 10 மீற்றரில் வராது.

காற்றுக் கணக்கு கடினமில்லை. 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டரில் 200 பார் (அமுக்க அளவு) என்றால் 2,200 லீற்றர். 50 பாரோடு மேலே வர வேண்டும், எனவே பாவிக்கக்கூடியது 1,650. நிதானமானவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பார், 10 மீற்றரில் அது 40 ஆகும், ஆக 41 நிமிடம். புதியவர் பதற்றத்தில் 30 இழுத்தால் அங்கே 60, அவருக்கு 27 நிமிடம்தான். இருவர் போனால் கணக்கு புதியவருடையதுதான்.

அமிழ்வதற்காகக் கட்டும் ஈயக் கட்டியில் எல்லாரும் பிழை விடுகிறார்கள். நீச்சல் தடாகத்தில் சரிபார்த்த எடை கடலில் போதாது. 70 கிலோ ஆளை உப்புத்தண்ணீர் ஒன்றரை, இரண்டு கிலோ கூடத் தூக்கும். அதோடு 2,200 லீற்றர் காற்றின் எடையே இரண்டரைக் கிலோவுக்கு மேல். காற்று தீரத் தீர அலுமினியச் சிலிண்டர் உங்களை மேலே தூக்கும். நிறைந்த சிலிண்டரோடு சரியாக நின்றவர், கடைசியில் மேலே வருமுன் நிற்க வேண்டிய 5 மீற்றர் நிறுத்தத்தில் நிற்க முடியாமல் எழும்பிப் போவது இதனால். 50 பார் மிஞ்சிய சிலிண்டரோடு, மூச்சைப் பாதி விட்ட நிலையில் கண்மட்டத்தில் மிதக்கிறீர்களா என்று பாருங்கள். அதுதான் சரியான எடை.

காது வலிக்கத் தொடங்கிய பிறகு ஊதுவது பிந்திய வேலை. மேற்பரப்பிலேயே ஒரு தரம் மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதி, பிறகு அரை மீற்றருக்கு ஒரு தரம். முதல் மூன்று நான்கு மீற்றரில்தான் காது அதிகம் கஷ்டப்படும். திறக்காவிட்டால் ஒரு மீற்றர் மேலே ஏறி முயலுங்கள், பலமாக ஊதாதீர்கள். தடிமன் இருந்தால் இறங்கவே கூடாது. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு போனால், உள்ளே இருக்கும்போது மாத்திரையின் வேலை முடிந்து, மேலே வருகையில் காற்று வெளியேற வழியில்லாமல் போகும்.

மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகம் கூடாது, 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். எந்த நேரத்திலும் மூச்சை அடக்கக் கூடாது. நுரையீரல் நிறைய அமுக்கக் காற்றோடு மூச்சை அடக்கினால் ஒரு மீற்றர் சொச்சம் ஏறினாலே நுரையீரல் கிழியப் போதும். இடுப்பளவு தண்ணீரில் சிலிண்டரோடு உட்கார்ந்து விளையாடிவிட்டு எழும்புபவருக்கும் இந்த விதி உண்டு. பெருவிரலை உயர்த்தினால் கடலுக்குள் அதன் பொருள் ‘மேலே போவோம்’ என்பது, நன்றாக இருக்கிறது என்பதல்ல. நலம் என்பதற்குப் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேருங்கள்.

பயிற்றுநரோடு முதன்முறை இறங்குபவருக்கு எல்லை 12 மீற்றர், அடிப்படைச் சான்றிதழுக்கு 18, பொழுதுபோக்குச் சுழியோடலின் கடைசி எல்லை 40. சான்றிதழ் கையில் கிடைத்த வாரமே மட்டக்களப்பில் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நிலாவெளிப் புறாத்தீவு அவர்களுக்குப் பொருத்தம். அங்கே கடல் அடங்குவது எங்களுக்குச் சோளகம் எறிகிற மே முதல் செப்டெம்பர் வரை.

நைதரசன் விஷயத்தை (ஆழத்தில் உடம்பில் கரையும் நைதரசன், வேகமாக ஏறினால் குமிழாகிவிடும்) எங்கள் கரையோரம் பட்டுத் தெரிந்துகொண்டது. சங்குக்கும் கடலட்டைக்கும் ஒரே நாளில் நாலைந்து சிலிண்டர் முடித்து, வேகமாக மேலே வந்து, பிறகு இடுப்புக்குக் கீழ் விளங்காமல் போனவர்களின் கதை மீனவக் கிராமங்களுக்குப் புதிதல்ல. பொழுதுபோக்குச் சுழியோடிகளின் அட்டவணை ஒன்றின்படி நாளின் முதல் இறக்கத்தில் அதிகபட்சம் 18 மீற்றரில் 56 நிமிடம், 30 மீற்றரில் 20 நிமிடம். இரண்டாம் இறக்கத்துக்கு இது குறையும். மறுநாள் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் என்றால், ஒரே ஒரு இறக்கத்துக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் தரையில் நிற்க வேண்டும். மலைக்கும் இதே கதைதான். திருகோணமலையில் காலையில் சுழியோடிவிட்டு மாலையே நுவரெலியாவுக்கு வான் பிடிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை, அது கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல்.

கரைக்கு வந்து சில மணி நேரத்துக்குள் மூட்டு வலி, தோலில் புள்ளி, கால் மரத்தல், சிறுநீர் போகாமை, காரணமில்லாத பெருங்களைப்பு எது வந்தாலும் படுக்க வைத்து, இருந்தால் நூறு வீத ஒட்சிசன் கொடுத்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். திரும்பவும் தண்ணீருக்குள் இறக்கிச் சரிப்படுத்தும் பழைய முறை வேண்டாம். இதற்குச் சிகிச்சை தரும் அமுக்க அறை கடற்படையிடம் திருகோணமலையில் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலிருந்து நாலைந்து மணி நேர ஓட்டம். நெடுந்தீவில் நடந்தால் குறிகட்டுவான் வரை ஒரு மணி நேரப் படகும் சேரும். ஆகவே தீவில் சுழியோடுகிறவர்கள் ஒட்சிசனைப் படகிலேயே வைத்திருக்க வேண்டும்.

மூழ்கியவரை எடுத்தால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள். மூச்சில்லை என்றால் முதலில் ஐந்து ஊதல், பிறகு நெஞ்சில் முப்பது அமுக்கம், இரண்டு ஊதல் என்று விடாமல் தொடருங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் அவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், நுரையீரல் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரும். சிலிண்டரோடு இறங்கியவரென்றால் எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், எத்தனை இறக்கம் என்று ஒரு துண்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். சிலிண்டர் வால்வை மூடி, எத்தனை சுற்றில் மூடியது என்றும் குறித்து, மிச்சக் காற்றைத் திறந்துவிடாமல் வையுங்கள். கையில் கட்டியிருக்கும் டைவ் கொம்பியூட்டரைக் கழற்றாமல் ஆளோடேயே அனுப்புங்கள்.